வண்டியையும் கவனியுங்கள்

பம்புசெட்டுக்கும் பவர் டில்லருக்கும் பயிற்சி தருகிறோம். உர மூட்டை, பால் கேன், தீவனக் கட்டு எல்லாம் சுமக்கும் இருசக்கர வண்டியை மட்டும் மறந்துவிடுகிறோம். 45 கிலோ யூரியா மூட்டையை ஏற்றுமுன் டயரில் காற்று பார்க்கிறீர்களா? பொட்டாஷ் ஓர் உப்பு. சிந்தினால் செயினும் ரிம்மும் துருப்பிடிக்கும். அன்றே கழுவி, காய்ந்தபின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். செயின் தளர்வு எவ்வளவு இருக்கலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சரிபாருங்கள். புழுதியில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். பிரேக்கில் சந்தேகம் வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். வண்டி வழியில் நின்றால் கேனில் இருக்கும் பால் கெட்டுவிடும். வேளாண் அலுவலர்களே, பண்ணைக் கருவிப் பயிற்சியில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.