வெயிலும் வித்தியாசாலையும்

கொடிகாமத்திலே வெயிலுக்குப் பஞ்சம் உண்டென எவரேனும் கூறுவாராயின், அவரைச் சித்திரை மாதத்து நண்பகலிலே சந்தைச் சந்தியில் ஒரு நாழிகை நிறுத்தி வைத்தலே தக்க விடை என எம்மூரவர் நகைப்பர். அந்நகைப்பு நியாயமானதே. ஆயினும் வெயில் ஊரில் இருத்தல் வேறு, பிள்ளைகளின் மேனியிற் படுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே வளர்ந்துவரும் தூரம் பற்றியே யாம் இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

அண்மைக் காலத்தில் வகுப்பறையிலே யாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. ஓடியாடித் திரியவேண்டிய பதின்மூன்று முதற் பதினேழு வயதுப் பிள்ளைகள், "கால் உளையுது சேர்", "நாரி நோகுது சேர்" என்கின்றனர். காலைப் பிரார்த்தனையில் நிற்கையில் ஒரு காலினின்று மறுகாலுக்கு மாறிமாறிச் சாய்கின்றனர். மாடிப்படி ஏறுகையிற் கைப்பிடியைப் பற்றுகின்றனர். நிலத்திலிருந்து எழும்போது துடையிற் கையூன்றி எழுகின்றனர். எண்பது வயதுப் பேர்த்தியார் எழுவது போலப் பதினைந்து வயதுப் பெண் எழுவதைக் காணும் உபாத்தியாயருக்கு மனம் வருந்தாதிருக்குமோ?

வீட்டிலே இதற்கு விடை ஆயத்தமாக இருக்கின்றது. தாயார் "வளர்த்தி நோ" என்பர். பாட்டியார் "வாய்வு" என்று நல்லெண்ணெய் காய்ச்சுவர். தந்தையார் "பஞ்சி" என ஒரே சொல்லில் வழக்கை முடிப்பர். உபாத்தியாயருள்ளும் "நடிப்பு" என்று தீர்ப்புக் கூறுவோர் உளர். வளர்த்தி நோ என்பது பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கு உரியது. மாலையிலோ இரவிலோ இரு கால்களிலும் வந்து, விடியுமுன் தீர்ந்துவிடுவது. பதினைந்து வயதிலே பகலெல்லாம் நீங்காது நின்று, வாரக்கணக்கிலே தொடர்ந்து, துடையின் வலுவையும் குறைக்கும் நோவுக்கு அப்பெயர் பொருந்தாது. அதற்குரிய காரணங்களுள் ஒன்று விற்றமின் டி என்னும் உயிர்ச்சத்தின் குறைவாகும்.

இச்சத்து உணவினின்று பெறப்படுவது சிறிதே. வெயிலிலுள்ள புறவூதாக் கதிர்களுள் ஒரு பகுதி தோலிற் படுகையில், ஆங்குள்ள கொழுப்பினப் பொருளொன்று மாறி இச்சத்தாகின்றது. அது ஈரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் பக்குவமடைந்து, உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்ளுமாறு செய்கின்றது. இச்சத்துக் குறையின் உண்ட கல்சியத்திற் பெரும்பகுதி வீணே கழியும். குருதியிலோ கல்சியத்தின் அளவு குறையலாகாது. ஆகவே கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் விழித்தெழுந்து, என்பிலுள்ள கல்சியத்தைக் கரைத்தெடுத்து அக்குறையை நிரப்புகின்றன. முதலை எடுத்து அன்றாடச் செலவை நடத்தும் குடும்பத்தின் நிலை அவ்வுடம்புக்கு நேர்கின்றது. அதுவும் எப்பருவத்தில்? ஒருவர் வாழ்நாள் முழுதுக்கும் வேண்டிய என்புச் செல்வத்தின் பெரும்பங்கைச் சேர்த்து வைக்கும் குமரப் பருவத்தில். புதிதாக உருவாகும் என்பு சுண்ணச்சத்து ஏறாது மென்மையாய் நிற்கும். அழுத்தினும் நடப்பினும் நோகும். தோளையும் இடுப்பையும் சார்ந்த தசைகள் வலுவிழக்கும். மூட்டிலே நோகின்றது எனப் பிள்ளை சொல்லினும், பலவேளை நோவு மூட்டை அடுத்த என்பிலும் தசையிலுமே உள்ளது.

மேனாட்டார் இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றனர். தொழிற்சாலைப் புகை சூழ்ந்த நகரங்களிலே சிறுவரின் கால்களை வில்லென வளைத்த ரிக்கற்ஸ் நோய், வெயில் நிறைந்த நாடுகளில் அரிது என 1890ஆம் ஆண்டிலே பாம் என்னும் வைத்தியர் எழுதினார். 1919ஆம் ஆண்டிலே பேர்லின் நகரில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்பார் விளக்கொளியால் அந்நோயைத் தீர்த்துக் காட்டினார். 1922ஆம் ஆண்டிலே மக்கொலம் என்பார் இச்சத்துக்கு டி என்னும் எழுத்தைச் சூட்டினார். எம் போன்ற நிறத்தினர்க்கு அணுக்கமான செய்தி 1962ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. பாகிஸ்தானிலிருந்து ஆங்குக் குடியேறிய குடும்பங்களிலே, குழந்தைப் பருவம் கடந்த பின் தோன்றும் ரிக்கற்ஸும் பெரியோர்க்கு வரும் என்புமென்மையும் காணப்படுகின்றன என்பதே அச்செய்தி. கரிய தோலானது கதிர்களைத் தடுக்கும் இயற்கைக் குடையாதலின், வெள்ளையர்க்குப் போதும் வெயில் நமக்குப் போதாது.

"அது குளிர்நாட்டுக் கதை; எமக்கென்ன?" என்பார்க்கு இன்னும் இரண்டு செய்திகள் கூறுவோம். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்புநோக்கிய ஆய்வொன்று 2008ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ஒஸ்லோவிலுள்ளாரின் குருதியில் இச்சத்து மிகக் குறைந்திருந்தது, அது வியப்பன்று. கண்டியிலுள்ளாரும் அனைவரும் நிறைவுடையராய் இருந்திலர் என்பதே நாம் நோக்கற்பாலது. டில்லி நகரிலே பாடசாலைப் பிள்ளைகள் ஐயாயிரவருக்கு மேற்பட்டோரைச் சோதித்து 2005ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவரிடத்தில் இக்குறைவின் அடையாளம் உடம்பிலேயே தெரிந்தது எனக் கூறுகின்றது. டில்லியில் வெயில் இல்லையோ?

ஈண்டு எம்மவரிடை வேரூன்றிய ஓர் எண்ணத்தை மறுத்தல் வேண்டும். காலை இளவெயிலே உடம்புக்கு நன்று என நம்பி, குழந்தையை விடியலில் முற்றத்திற் கிடத்துகின்றோம். பிரார்த்தனைக்காகப் பிள்ளைகளைக் காலை 7.30 மணிக்கு வெளியிலே நிறுத்துகின்றோம். இளவெயில் இனிதுதான். ஆயின், சூரியன் தாழ நிற்கையில் வேண்டிய கதிர்கள் காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் தேய்ந்துபோகின்றன. எமக்குச் சற்று வடக்கேயுள்ள திருப்பதியிலே வைத்தியர் ஹரிநாராயணும் உடனாய்வாளரும் அளந்து கண்டபடி, இச்சத்து மிகுதியாக உண்டாவது முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையிலாம். மணிக்கூடு இல்லாத காலத்தில் எம் முன்னோர் தம் நிழலை அடியால் அளந்து பொழுதறிந்தனர். அவ்வழியே இங்கும் உதவும்: நிழல் ஆளிலும் குறுகியிருக்கும் வேளையே தோலுக்குப் பயன்தரும் வேளை. கண்ணாடி யன்னலூடாக வரும் வெயில் சூட்டைத் தருமேயன்றிச் சத்தைத் தராது.

இனி எமது மாணாக்கர் ஒருவரின் நாளைப் பாருங்கள். காலை 7.30 முதற் பிற்பகல் 1.30 வரை வகுப்பறை. பின்னர் பஸ், வீடு, அவசரமாகச் சோறு. மூன்று மணிக்கு ரியூசன் கொட்டகை. ஆறு மணிக்கு வெளியே வருகையிற் சூரியன் மேற்கே மறையும் வேளை. சனி, ஞாயிறு தினங்களிலும் தகரக் கூரையின் கீழேயே வாசம். முன்னாளில் சனிக்கிழமை எண்ணெய் பூசி, கிணற்றடியில் வெறுமேனியாய் நின்று, வெயில் ஏறிய பின்னரே முழுகினோம். அக்காலத்தார் விற்றமின் என்னும் சொல்லை அறியார்; பயனைப் பெற்றனர். இன்று அந்நேரத்தையும் இரசாயனவியல் மீட்டல் வகுப்பு விழுங்கிவிட்டது.

பெண்பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. "வெயிலில் நின்று கறுத்துப் போகாதே" என்னும் சொல்லைக் கேளாது வளர்ந்த பெண் எம்மூரில் உளளோ? கலியாணப் பேச்சிலே நிறத்துக்கு நாம் வைக்கும் விலையைப் பத்து வயதிலேயே அப்பிள்ளை அறிந்துகொள்கின்றாள். குடை, நீண்ட கைச்சட்டை, முகப்பூச்சு ஆகியன பின்தொடர்கின்றன. நாளை கருவுறும்போது அவளின் குறைவு அவள் குழந்தையின் குறைவுமாகும். தமிழ் கற்பிப்போர் என்னும் முறையில் ஒன்று சொல்வோம்: கருமையை அழகெனப் போற்றிய மொழியைப் படிக்கும் வீட்டிலே இவ்வச்சம் குடிகொண்டமை எமக்கு விளங்காத புதிர்.

உணவு இக்குறையை ஓரளவே ஈடுசெய்யும். சூடை, சாளை, சூரை முதலிய மீன்களிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இச்சத்து உண்டு. எமது மாணாக்கருட் சைவ போசனம் கொள்வோர் பலர். அவர்க்கு வெயிலே பெருவழி. வெயிலில் உலர்த்திய காளானிலும் ஓரளவு உண்டு. கல்சியத்துக்கு எள், குரக்கன், முருங்கையிலை, பால் ஆகியன இருக்கின்றன. சந்தையில் முருங்கையிலையைப் புறக்கணித்து மென்பானப் போத்தலை வாங்குவோரை என் சொல்வது!

இத்துணையும் கேட்டவர் உடனே மருந்துக்கடைக்கு ஓடுதல் வேண்டா. கடல்கடந்த உறவினர் அன்புடன் அனுப்பும் குளிகைப் போத்தல்கள் பல வீடுகளில் உள்ளன. நோர்வேயின் குளிர்கால இருளில் வாழ்பவர், கொடிகாமத்து வெயிலில் வாழ்பவருக்கு வெயிலின் சத்தைத் தபாலில் அனுப்புதல் காலத்தின் கூத்து. இச்சத்து மிகின் நஞ்சாகும். குருதியிற் கல்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கேடும் விளையும். வளரிளம் பருவத்தினர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 600 அலகு. வைத்தியர் கட்டளையின்றி 4000 அலகைக் கடத்தலாகாது. குருதியைச் சோதித்து, மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமிலும் குறைந்ததோ என அறிந்தே வைத்தியர் மருந்தளவை விதிப்பர்.

நோவனைத்தும் இக்குறைவால் வந்தனவென எண்ணுதலும் தவறு. 2003ஆம் ஆண்டிலே மினியாப்பொலிஸ் நகரில், காரணம் தெரியாது நெடுநாள் நோவுற்ற 150 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 93 பேரிடம் இக்குறைவு காணப்பட்டது. ஆயின் நோவில்லாதாரை அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திலர். குறைவும் பலரிடம் உண்டு, நோவும் பலரிடம் உண்டு. ஒன்றால் மற்றது வந்ததெனத் துணிதற்கு அது போதாது. மூட்டு வீங்கிச் சிவத்தல், காய்ச்சல், விடியலில் மூட்டு இறுகி நிற்றல், இரவில் நோவால் விழித்தல், உடல் மெலிதல், ஒரே இடத்தில் மட்டும் நோதல் ஆகியன தோன்றின், வெயிலையும் எண்ணெயையும் நம்பி நாட்கடத்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. வாதக்காய்ச்சலும் அதனினும் கொடியனவும் இவ்வேடத்தில் வருவதுண்டு.

இனிப் பழைய மாணவ அன்பர்க்குரிய விண்ணப்பம். ஜூபிலி நினைவாக மாடிக் கட்டடம் எழுப்புதல் பற்றியும் குளிரூட்டிய மண்டபம் பற்றியும் பேசப்படுகின்றது. அன்பர்கள் தம் காலத்தை நினைவுகூர்க. அவர்கள் இங்குப் பெற்ற செல்வங்களுள் வகுப்பறை ஒன்று, மைதானம் மற்றொன்று. இன்று தேகாப்பியாச பாடவேளையைக் கணிதம் இரவல் வாங்குகின்றது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததாக யாம் அறியோம். தமிழும் அவ்வாறு கடன்பட்டதுண்டு. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய சில வாரங்களிலே மட்டும் மைதானத்திற் புல் மிதிபடுகின்றது. "விளையாட்டுச் சோறு போடுமோ?" எனப் பெற்றார் கேட்கின்றனர். நின்று எழுத வலுவற்ற பிள்ளை கரும்பலகைக்கு வரவும் தயங்குகின்றான் என்பதே எமது மறுமொழி.

யாம் வேண்டுவன சில. தேகாப்பியாச பாடத்தை இடைவேளையை ஒட்டிய முற்பகலில், நிழல் குறுகத் தொடங்கும் பத்து மணிக்குப் பின் அமைத்தல் வேண்டும்; வாரத்தில் மும்முறை, அரைமணி நேரம், கையும் காலும் வெயில் காணுமாறு. வைகாசி, ஆனி வெக்கையிலே உச்சிப்பொழுதைத் தவிர்த்தல் வேண்டும். குடிநீர்த் தொட்டியும் இளைப்பாற ஓரமாக வேம்பும் வேண்டும். (மரநிழற் குருகுலம் என்னும் இனிய கனவு இவ்விடயத்திற் பயன்படாது என்க.) பெண்பிள்ளைகளுக்கு வேறாக, பிறர் பார்வை படாத ஒரு திடல் வேண்டும். கட்டட நிதியின் ஒரு பங்கு இதற்குப் போதும். திடலை மட்டஞ் செய்தல், தொட்டி, வேலி, மரநடுகை ஆகியவற்றுக்கான செலவுக் குறிப்பை எழுதி வைத்திருக்கின்றோம். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இடந்தரின் அதனை வாசிக்கச் சித்தமாயுள்ளோம்.