நாய்க்குப் பெயர் பெப்பேவாம்!

மரக்காணம் உப்பள வரப்பில் பிறந்த செவலைக் குட்டிக்கு என் பேரன் வைத்திருக்கும் பெயர் பெப்பே. இத்தாலியில் ஜுசெப்பேயின் செல்லப்பெயராம். நம்மூரில் பெப்பே என்றால் பழிப்புக் காட்டுவது! உப்பு வாரும் பெண்கள் பக்கம் திரும்பி "பெப்பே, பெப்பே" என்று கத்தினால் சும்மா விடுவார்களா?

டைகர், சீசர் மட்டும் தமிழா என்கிறான். இல்லைதான். ஆனால் அதைக் கூப்பிட்டுத் தெருவில் சண்டை வந்ததில்லை.

ஜுசெப்பே யார்? நம் சூசைதான். இத்தாலியரான வீரமாமுனிவரின் இயற்பெயரே கான்ஸ்டன்சோ ஜுசெப்பே பெஸ்கி. சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர், அந்தப் பெயரை அப்படியேவா வைத்தார்? பொருள் பார்த்து 'வளன்' என்று தமிழாக்கினார். தன் பெயரையும் தமிழில் வைத்துக்கொண்டார். இங்கே பிறந்த நமக்கு மணி, செவலை, வீரன் எல்லாம் கசக்கிறதாக்கும்!