அன்றைக்கு மெக்காலே எங்கே இருந்தார்?

அண்ணன் பெண் ஒன்பதாம் வகுப்பு. சுதந்திர தினப் பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை நீதிபதியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தாள். எடுத்த எடுப்பிலேயே மெக்காலே வந்துவிட்டார்.

அந்த ஃபார்வர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். மாமா அனுப்பியிருப்பார், அல்லது ஆபீஸ் குரூப்பில் ரிடையராகப் போகிற சூப்பிரண்டெண்ட் அனுப்பியிருப்பார். 1835 பிப்ரவரி 2-ம் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டில் மெக்காலே எழுந்து நின்று, இந்தியா முழுக்கச் சுற்றினேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களை ஜெயிக்க வேண்டுமானால் இவர்களுடைய கல்வியை ஒழிக்க வேண்டும் என்கிற தினுசில் முழங்கினாராம். பழுப்புக் காகிதத்தில் அவர் படம் வேறு. கீழே, உண்மையான இந்தியனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"பிரமாதம். மெக்காலே பேசினதை எங்கேருந்து எடுத்தே?"

"அப்பா அனுப்பினார்."

"அப்பாவுக்கு?"

"அவர் ஃப்ரெண்டு."

"அவருக்கு?"

முறைத்தாள். "பொய்ங்கறீங்களா?"

"இல்லம்மா. கேட்டுப் பார்த்துடலாம்கிறேன்."

"யாரை?"

"மெக்காலேயைத்தான்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். முதலில் ஹான்ஸார்ட். பிரிட்டிஷ் பார்லிமெண்ட்டில் பேசுவதைப் பதிவு செய்கிற தொகுப்புக்கு அதுதான் பேர். 1803-லிருந்து உள்ளதை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். உறுப்பினர் பேரைத் தட்டினால் பேச்சுகள் வருஷவாரியாக வரும். 1833 ஜூலை 10-ம் தேதி, இந்திய அரசாங்க மசோதா மீது மெக்காலேயின் நீண்ட பேச்சு இருக்கிறது. 1835-ல்? பூஜ்யம்.

"எழுத மறந்திருப்பாங்க" என்றாள்.

நியாயமான சந்தேகம். பதிவில் இல்லை என்பதால் பேசவே இல்லை என்று ஆகிவிடாது. அடுத்த கேள்வி: அன்றைக்கு ஐயா எங்கே இருந்தார்?

மெக்காலேயின் தங்கை மகன் டிரெவெல்யன், மாமாவின் கடிதங்களோடு சேர்த்து அவர் வாழ்க்கை வரலாற்றை 1876-ல் வெளியிட்டார். இன்டர்நெட் ஆர்க்கைவில் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். எம்.பி. பதவியை விட்டுவிட்டு, வருஷம் பத்தாயிரம் பவுண்ட் சம்பளத்துக்கு (பெருமூச்சு விடாதீர்கள்) கவர்னர் ஜெனரலின் கவுன்சில் உறுப்பினராகக் கப்பலேறியவர், 1834 ஜூனில் வந்து இறங்கியது நம்ம சென்னையில். அங்கிருந்து பல்லக்கில் ஊட்டிக்குப் போய் பெண்டிங்க் பிரபுவைப் பார்த்து, பிறகு கல்கத்தா. இங்கிலாந்துக்குத் திரும்பியது 1838-ல்தான். ஆக, பேசியவர் அந்த ஊரிலேயே இல்லை.

சரி, கேட்டவர்கள்? பழைய பார்லிமெண்ட்டை 1834 டிசம்பர் கடைசியில் கலைத்துவிட்டார்கள். புதியது கூடியது 1835 பிப்ரவரி 19-ல். பிப்ரவரி 2-ல் நாடு முழுக்கத் தேர்தல் அமர்க்களம். கட்டடம்? அது 1834 அக்டோபர் 16-ம் தேதி ராத்திரியே பெரும்பாலும் எரிந்து போயிருந்தது!

பேச ஆள் இல்லை, கேட்க ஆள் இல்லை, ஹாலும் இல்லை. பேச்சு மட்டும் நம் போனில் இருக்கிறது.

குழந்தை சிரிக்கவில்லை. "அப்போ மெக்காலே நல்லவரா?"

இங்கேதான் கதை திரும்புகிறது. ஃபார்வர்டில் அந்தத் தேதி ஒன்று மட்டும் நிஜம். 1835 பிப்ரவரி 2-ம் தேதி கல்கத்தாவில் உட்கார்ந்து மெக்காலே ஒரு மினிட் எழுதினார். நாம் ஃபைலில் நோட் போட்டு மேலே அனுப்புகிறோமே, அதே ஜாதி. 1813 சட்டப்படி கல்விக்கென்று ஒதுக்கின லட்ச ரூபாயை சம்ஸ்கிருதம், அரபிக்குச் செலவழிப்பதா, இங்கிலீஷுக்கா என்று தகராறு. அதற்கு இவர் எழுதிய நோட். மேலே பெண்டிங்க், முழுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இதுவும் முழுசாக இணையத்தில் இருக்கிறது.

படித்தாள். தனக்கு சம்ஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று தானே ஒப்புக்கொள்கிறார் மனுஷர். ஒப்புக்கொண்ட கையோடு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியமும் ஒரு நல்ல ஐரோப்பிய லைப்ரரியின் ஒரே ஒரு அலமாரித் தட்டுக்கு ஈடாகாது என்கிறார். நிறத்தில் இந்தியர்களாகவும் ரசனையிலும் புத்தியிலும் இங்கிலீஷ்காரர்களாகவும் ஒரு வர்க்கத்தைத் தயார் பண்ண வேண்டும் என்கிறார்.

"சித்தப்பா, இது அந்த ஃபார்வர்டைவிட மோசமா இருக்கே!"

அதேதான். நிஜமே இவ்வளவு காரமாக இருக்கும்போது எதற்கய்யா டூப்ளிகேட் மிளகாய்ப் பொடி? காரணம் சுலபம். நிஜ மெக்காலே நம்மைத் திட்டுகிறார். பொய் மெக்காலே நம்மைப் புகழ்கிறார். பிச்சைக்காரனே இல்லாத தேசம்! அவர் சென்னையில் இறங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், இதே மதராஸ் ராஜதானியின் குண்டூர்ப் பக்கம் 1832-33 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பொய் வசனத்துக்குக் கை தட்டும்போது அவர்களை ஒரு தடவை அழித்துவிடுகிறோம்.

"இப்போ நான் என்ன பேசறது? வெள்ளிக்கிழமை போட்டி."

தேடினோம். மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் கலெக்டர்களிடம், உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம் என்று கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் தொகுத்தபடி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், அதாவது சுமார் ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தரம்பால் இந்த ஆவணங்களை 1983-ல் புத்தகமாகவே போட்டார். 'வெள்ளைக்காரன் வந்துதான் எழுத்து சொல்லிக் கொடுத்தான்' என்பவர்களுக்கு இது பதில். கொஞ்சம் பொறுங்கள், அந்த மாணவர்களில் பெண்கள் எத்தனை? 4,540. 'அந்தக் காலத்தில் எல்லாரும் படித்தார்கள்' என்பவர்களுக்கு இது பதில்.

ஒரிஜினல் ஆவணத்தின் குணமே இதுதான். எந்தக் கட்சிக்கும் முழுசாக வோட்டுப் போடாது. அதற்காக அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. மன்றோவின் கணக்கில் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுப்போனார்கள்; அதை அவரே குறிப்பிடுகிறார். எழுதியது யார், யாருக்கு, எதற்கு? மூன்றையும் கேட்டுவிட்டுப் படியுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற தம்பிகளுக்கும் சொல்கிறேன். 1946 முதல் 1949 வரை அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதம் முழுக்க இணையத்தில் இருக்கிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை டைரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. கைடில் நாலு வரியாக இருப்பது அங்கே ரத்தமும் சதையுமாக நிற்கும்.

வெள்ளிக்கிழமை போட்டி முடிந்து வந்தாள்.

"4,540 சொன்னப்போ ஹால் கப்சிப் சித்தப்பா."

"பரிசு?"

"ஆறுதல் பரிசு. முதல் பரிசு பத்தாம் கிளாஸ் பையனுக்கு."

"என்ன பேசினான்?"

"அதான்... மெக்காலே, பிச்சைக்காரன், பார்லிமெண்ட்!"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ஆனா ஹிஸ்டரி மிஸ் கூப்பிட்டு, அந்த 4,540 எங்கே கிடைச்சுதுன்னு கேட்டாங்க. லிங்க் அனுப்பிட்டேன்."

ஒரு டீச்சர் என்றால் வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள். ஃபார்வர்ட் பண்ண வேண்டியது இதைத்தான்.