பிள்ளை கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா?

கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் "வி.ஆர்." கருவியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் இருக்கின்றன. டெலிவிஷனில் சுடுவதைப் பார்ப்பது வேறு. இதில் பிள்ளையே கையை நீட்டிக் குறி பார்க்கிறான். சுடப்பட்டவன் அவன் எதிரிலேயே விழுகிறான்!

"மெட்டா" கம்பெனி தன் கருவிக்கு முன்பு 13 வயது ஆகவேண்டும் என்றது. 2023-ல் அதை 10 ஆகக் குறைத்தது. அதுவும் பெற்றோர் பொறுப்பில். இது கருவிக்கு உள்ள வயதுதான். விளையாட்டுக்குத் தனி வயது உண்டு. அமெரிக்காவில் 1994 முதல் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. அது "டி" என்று போட்டால் 13 வயது ஆகவேண்டும். "எம்" என்றால் 17.

எழுத்தைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ரத்தமும் சாவும் எவ்வளவு என்று வாரியம் பார்க்கும். விளையாட்டுக்குள் பேச வரும் முகம் தெரியாத ஆட்களுக்கு அது பொறுப்பு அல்ல. பிள்ளை இயர்போன் மாட்டியிருந்தால், அவர்கள் பேசுவது பக்கத்தில் இருக்கும் தாய்க்குக் கேட்காது.

தாயோ தகப்பனோ முதலில் தாமே மாட்டிக்கொண்டு விளையாடிப் பாருங்கள். (நாற்காலியை நகர்த்திவிட்டு!) பிள்ளை காண்பதை டெலிவிஷனில் தெரியும்படி செய்யவும் வசதி உண்டு. பேச்சை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தக்கூடாது என்று அவன் அடம் பிடித்தால், யாருடன் பேசுகிறான் என்று கேளுங்கள்.