பொதுப்பணியும் புரப்போரும்

நற்பணி ஒன்றைத் தொடங்குதல் எளிது. அதனை இடையறாது காத்து வருதல் அரிது. தொடங்கும் நாளில் ஊக்கமும் உவகையும் உடன் நிற்கும். துணைவரும் பலர் வருவர். ஆண்டுகள் சில கழிந்து, புதுமை தேய்ந்து, கடமை மட்டும் எஞ்சும் காலத்தில் அப்பணியைத் தாங்கி நிற்போர் ஒருவரோ இருவரோ ஆவர். இவ்வுண்மை, தொண்டர்களால் நடைபெறும் திறமூல மென்பொருட் பணிகளில் தெளிவாக விளங்குகின்றது.

கணினி, எழுதி வைத்த கட்டளைகளின்படியே இயங்குவது. அக்கட்டளைத் தொகுதியே மென்பொருள் எனப்படும். வணிக நிறுவனங்கள் பல, தம் மென்பொருளின் மூலநிரலைப் பிறர் காணாவண்ணம் மறைத்து வைக்கும். திறமூல மென்பொருளோ அத்தகையதன்று. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். நாடும் மொழியும் வேறுபட்ட பலர், ஊதியம் கருதாது, தம் ஓய்வு நேரத்தில் இதனை ஆக்கி அளிக்கின்றனர். ஊர்ப் பொதுக்குளம் போல இஃது அனைவர்க்கும் உரியது. ஆயினும், குளத்தில் நீர் முகப்போர் ஆயிரவர். தூர் வாரக் கூடை எடுப்போர் எத்துணையர்?

இணையத்தில் செல்லும் கடவுச்சொல் முதலியவற்றைப் பிறர் அறியாவாறு மறைத்து அனுப்ப உதவும் மென்பொருள்களுள் ஒன்று ஓபன் எஸ்.எஸ்.எல். என்பது. எண்ணற்ற இணையத்தளங்கள் அதனை நம்பியிருந்தன. 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பதிப்பொன்றில் ஒரு பிழை புகுந்தது. ஈராண்டு வெளிப்படாது கிடந்த அப்பிழை, 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெயரோடு வெளியாகி உலகைத் திடுக்கிடச் செய்தது. இப்பெருஞ்சுமையைத் தாங்கி நின்றோர் யாவர் என அப்பொழுதுதான் உலகம் வினவிற்று. முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலரே என்பதும் பலர்க்குத் தெரியவந்தன. பிழை செய்தாரைப் பழித்தல் எளிது. பிழையைக் காணப் போதிய கண்களை அமர்த்தாது பயனை மட்டும் துய்த்தவர்க்கு அதில் பங்கு இல்லையோ? அவ்வாண்டே லினக்ஸ் அறக்கட்டளையின் முயற்சியால் கூகுள், மைக்ரோசாப்ட் முதலிய நிறுவனங்கள் பொருளுதவி செய்ய முன்வந்தன. வெள்ளம் வந்தபின் கரை கட்டியவாறாயிற்று அது.

பொருள் மட்டும் போதுமோ எனின், போதாது. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இசட். யூட்டில்ஸ் என்னும் மென்பொருளை ஒருவரே பல்லாண்டு தனித்துப் புரந்து வந்தார். 2022-ஆம் ஆண்டில், பணி விரைவாக நடைபெறவில்லை என்று சிலர் அவரை நெருக்கினர். தம்மால் முன்போல் உழைக்க இயலவில்லை என்பதையும், இஃது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் எடுத்துரைத்தும் கடுஞ்சொல் ஓயவில்லை. அந்நிலையில், ஜியா டான் என்னும் பெயர் பூண்டு துணைவர்போல் வந்த ஒருவர், நல்ல திருத்தங்கள் பல செய்து நம்பிக்கை பெற்று, 2024 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பில் கள்ளவாயில் ஒன்றை மறைத்து வைத்தார். அடுத்த மாதமே, ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினியுள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டார். அச்சிறு தாழ்வின் காரணத்தை விடாது ஆராய்ந்து வஞ்சகத்தை வெளிப்படுத்தினார். பெருங்கேடு நீங்கிற்று. ஆயினும், புரப்பவரின் தனிமையும் பயன்கொள்வோரின் கடுஞ்சொல்லுமே அன்றோ அக்கேட்டிற்கு வழிவிட்டன?

இனி, நெடுங்காலம் நிலைத்து நிற்கும் பணியொன்றையும் காண்போம். இயான் மர்டாக் என்பார் 1993-ஆம் ஆண்டில் டெபியன் என்னும் பணியைத் தொடங்கினார்; 1996-இல் தலைமையைப் பிறரிடம் ஒப்படைத்தார். 1998-இல் அப்பணிக்கு அமைப்புவிதிகள் வகுக்கப்பெற்றன. அவ்விதிகளின்படி உறுப்பினர் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். மர்டாக் 2015-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மறையவில்லை. தலைமையை உரிமையாகக் கருதாது முறையாகக் கருதியதே அதன் ஆயுளை நீட்டியது.

விரும்பி மேற்கொண்ட பணிக்கு உதவி எதற்கு என்று கேட்போரும் உளர். விருப்பம் ஒருவரைத் தொடங்கச் செய்யும். முதுமையையும் நோயையும் குடும்பச் சுமையையும் அது நீக்காது. மேலும், திறமூல மென்பொருள்கள், உள்ளது உள்ளவாறே, எவ்வகை உறுதிமொழியுமின்றி அளிக்கப்படுவதாக அவற்றின் உரிமங்கள் பொதுவாகக் கூறுகின்றன. ஆகவே, பயன்கொள்வோர்க்கு வேண்டிக்கொள்ளும் உரிமை உண்டே அன்றி ஏவும் உரிமை இல்லை.

இப்பணிகள் வாழ வேண்டின் செய்யத்தக்கன சில உள. பயன்பெறும் நிறுவனங்கள் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் அளித்தல் வேண்டும். புரப்போர், தாம் தளரும் முன்னரே இளையோரைப் பழக்கி, ஒருவர்க்கு ஒருவர் காவலாகப் பலரை அமர்த்துதல் வேண்டும். நிரல் எழுத அறியாதாரும், கண்ட பிழையைத் தெளிவாக எழுதி அறிவிக்கலாம். விளக்கக் குறிப்புகளைத் திருத்தலாம். அவற்றைத் தம் தாய்மொழியில் பெயர்க்கலாம். ஒன்றும் இயலாதார் இன்சொல் கூறலாம். அது தளர்ந்த தோளுக்கு ஊன்றுகோலாகும்.

மாணவர்களே! விலையின்றிக் கிடைப்பது உழைப்பின்றி வந்ததன்று. நீங்கள் நாள்தோறும் துய்க்கும் பொதுப்பொருளின் பின்னே, பெயர் அறியப்படாத ஒருவர் விழித்திருக்கின்றார். அவரைத் தனித்திருக்க விடாமையே அப்பணிக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு ஆகும்.