கல்லும் மண்ணும் வாங்குவோர் கவனத்திற்கு

ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ ஒரு குடும்பஸ்தர் தம் ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு வீடு கட்டப் புறப்பட்டால், நிலைக்கதவுக்குத் தேக்கா வேம்பா என்று நான்கு பேரிடம் அபிப்பிராயம் கேட்கிறார். தரைக்கு எந்தக் கல் என்பதற்காக மதுரை வரை போய் வருகிறார். ஆனால் அந்த வீடு முழுவதையும் தாங்கப்போகிற மண்ணையும் ஜல்லியையும் மட்டும், யாரோ கொடுத்த ஒரு போன் நம்பரில் "ரெண்டு லோடு அனுப்புங்க அண்ணாச்சி" என்று சொல்லி முடித்துவிடுகிறார். வந்து கொட்டியது என்ன, எவ்வளவு, எங்கிருந்து என்ற மூன்றும் அவருக்குத் தெரியாமலே அஸ்திவாரம் மூடப்பட்டுவிடுகிறது.

நம் பிரதேசத்தில் இந்த அலட்சியம் மற்ற இடங்களைவிட அதிக ஆபத்தானது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பக்கம் செவலும் சரளுமாக இருக்கும் பூமி, கிழக்கே சிவகாசி, சாத்தூர் நோக்கிப் போகப் போகக் கரிசலாக மாறிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்புவதும், பங்குனி, சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதும் கரிசலின் சுபாவம். பருத்திக்கு வரப்பிரசாதமான அதே குணம் சுவருக்குச் சத்துரு. ஆகையால்தான் கரிசலில் வீடு கட்டுகிறவர் அந்த மண்ணை வேண்டிய ஆழத்துக்கு வாரி வெளியேற்றிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் நிர்ணயம்.

என் உறவினர் ஒருவர் அப்படித்தான் செய்ய நினைத்தார். கிராவல் என்று விலை பேசி, இரவு பதினோரு மணிக்கு மேல் லோடு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாகவே தெரிந்தது. காலையில் அவர் போய்ப் பார்ப்பதற்குள் குழிக்குள் தள்ளி மட்டமும் அடித்திருந்தார்கள். மேலே இருந்தது கிராவல்; அடியில் கிடந்தது கண்மாய்க் கரம்பை. இரண்டாம் வருஷக் கோடையில் முன்கூடத்துத் தளம் சுவரோரமாக இரண்டு விரல் அளவு இறங்கியது. பதித்த கல்லைப் பெயர்த்து, மண்ணைத் தோண்டி எடுத்து, மறுபடி நிரப்பியதற்கான செலவு முதலில் வாங்கிய மண்ணின் விலையைப்போல் பல மடங்கு ஆயிற்று.

பகல் வெளிச்சத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து நனைத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்திருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திராது. விளக்குத் திரியைப்போல் நீண்டு வருமானால் அது களி. பொருபொருவென்று உதிர்ந்து சிறு கற்கள் கையில் தங்குமானால் அது கிராவல். கரம்பையும் உத்தமமான பொருள்தான்; தென்னைக்கும் காய்கறிப் பாத்திக்கும் அதைப்போல உரம் கிடையாது. வீட்டுத் தளத்தின் அடியில் அதற்கு ஸ்தானமில்லை, அவ்வளவே. எம்-சாண்டையும் இவ்வாறே கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். கிரஷரில் மிஞ்சும் தூளை எம்-சாண்ட் என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தூளானால் உள்ளங்கையில் மாவாக அப்பிக்கொள்ளும். ஜல்லியிலும் அடிக்கான்கிரீட்டுக்கு ஒன்றரை இஞ்சும், தூணுக்கும் மேல்தளத்துக்கும் முக்கால் இஞ்சும் வழக்கம். சப்பைக் கல் மிகுந்த லோடைத் திருப்பி அனுப்புவதில் தாட்சணியம் கூடாது.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. பன்னிரண்டு அடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள டிப்பர் தொட்டியில் மூன்று யூனிட் இருக்க வேண்டுமானால், சரக்கு மட்டமாக மூன்றடி ஏழு அங்குல உயரம் நிற்க வேண்டும். நடுவில் கோபுரமாகக் குவித்து மூலைகளைத் தாழவிட்டு, சராசரியில் அரையடி குறைந்தால் 42 கன அடி, அதாவது யூனிட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு, போய்விடுகிறது. மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொண்டு, உள்ளதைவிட அதிகமாகவே தோன்றும். தெருவில் கொட்டிய பிறகு இதை எந்தப் புத்திசாலியாலும் நிரூபிக்க முடியாது.

சர்க்கார் இந்தச் சங்கடத்தில் அகப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த கனிமவள நில வரியானாலும் சரி, அதைத் தொடர்ந்து குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பேச்சுவார்த்தை நடந்தபோது சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 33 ரூபாய் என்று நிர்ணயித்த உரிமத்தொகையானாலும் சரி, கணக்கெல்லாம் டன்னில்தான். குவாரியிலிருந்து வரவேண்டியதை எடை பார்த்து வசூலிக்கிற அரசாங்கம், அதே கல்லை வாங்கும் சாமானியன் மட்டும் கண் மதிப்பான யூனிட்டில் ஏமாறிக்கொண்டிருக்கச் சம்மதிப்பது நியாயமாகாது. தங்கத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள எடைச்சட்டம் ஜல்லிக்கும் நடைமுறையில் வர வேண்டும்.

எங்கிருந்து வந்த மண் என்ற கேள்வியும் நம்முடையதே. வயலை வளப்படுத்தவும் மண்பாண்டம் வனையவும் கண்மாய் வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளத் தாசில்தாரே அனுமதி வழங்கலாம் என்று 2024-இல் விதி தளர்த்தப்பட்டது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்பது அளவு. அது உழவனுக்கும் குயவனுக்கும் தந்த சலுகை. வீட்டுமனை மேடாக்குவதற்கு விற்கப்படும்போது திருட்டாகிறது. வண்டலோடு நிற்காமல் மடைமட்டத்துக்குக் கீழே குழி பறித்துவிட்டால், அக்குழியில் தேங்கும் தண்ணீர் மடை வழியே வயலுக்கு ஏறாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய் நிரம்புகிறதா என்று ஒவ்வொரு மழையிலும் கரையில் போய் நின்று பார்க்கிற ஊர்க்காரர்கள், தம் மனைக்கு வருகிற மண் எந்தக் கண்மாயின் வயிற்றைக் கிழித்து வந்தது என்று கேட்காமலிருக்கலாமா?

நடைச்சீட்டில் குவாரியின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத லோடை இறக்கவிடாதீர்கள். பகலில் மட்டும் வரச் சொல்லுங்கள். தொட்டியை டேப் வைத்து அளந்த பின்பே கொட்டச் சொல்லுங்கள். கனிமவளத்துறையும் மாவட்ட நிர்வாகமும், ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டின் ஒரு பிரதி வீடு கட்டுகிறவர் கைக்குக் கட்டாயம் சேர வேண்டும் என்று உத்தரவிட வேண்டும். எடைமேடைகள் இன்றும் இருக்கின்றன, புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை.