கம்ப்யூட்டரால் லாபமா? கணக்குப் பார்ப்பது எப்படி?

கம்ப்யூட்டருக்காகக் கம்பெனிகள் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கின்றன. செலவுக்குப் பில் இருக்கிறது. வரவு எங்கே?

இங்கிலாந்தில் லயன்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. டீக்கடைகளும் பேக்கரியும் நடத்தியது. கேக் விற்ற அந்தக் கம்பெனி தானே ஒரு கம்ப்யூட்டரைச் செய்தது! அதன் பெயர் லியோ. 1951-ல் அது பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது. பிறகு சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிடக் கைதேர்ந்த குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி!

நேரம் மிச்சமானால் மட்டும் லாபம் வந்துவிடாது. லயன்ஸ்காரர்கள் வேலை முறையையே மாற்றினார்கள். ஒவ்வொரு கடைக்கும் வழக்கமாக வேண்டிய சரக்கு எவ்வளவு என்ற கணக்கு தயாராக இருக்கும். கடையை நடத்தும் அம்மாள், மாற்றம் இருந்தால் மட்டும் டெலிபோனில் சொன்னால் போதும். மீதியை லியோ பார்த்துக்கொள்ளும்.

எல்லோரும் இப்படிச் செய்யவில்லை. கம்ப்யூட்டர் எங்கும் வந்துவிட்டதே, உற்பத்திக் கணக்கில் அதன் பலனைக் காணோமே என்று 1987-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ கேட்டார். அதே வருஷம் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மின்சாரத்துக்கும் முன்பு இதே கதைதான். ஆலைகளில் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். பழைய பெல்ட்டுகள் அப்படியே இருந்தன. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று மாற்றி, ஆலையையும் புது மாதிரி கட்டிய பிறகே முழுப் பலன் தெரிந்தது. அதற்குச் சுமார் 40 வருஷம் ஆயிற்று.

அளப்பதிலும் ஒரு சங்கடம். நடுராத்திரியில் பாங்கு மெஷினில் பணம் எடுக்கிறோம். நமக்கு எவ்வளவு சௌகரியம்! அது எந்தக் கணக்கில் ஏறுகிறது?

லயன்ஸ் கம்பெனி 1978-ல் கைமாறிவிட்டது. அப்படியானால் லியோ நஷ்டமா? அல்ல. வெளிநாடுகளில் கம்பெனிகள் வாங்கப் பட்ட கடன்தான் அதை அமுக்கியது. கடைசி வரி லாபத்தை மட்டும் பார்த்துக் கம்ப்யூட்டருக்கு மார்க் போடக்கூடாது. தப்பு குறைந்ததா? சரக்கு வேளைக்குப் போகிறதா? இவற்றைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே குறித்து வைத்து, வந்த பிறகு ஒப்பிட வேண்டும்.

வேலை முறையை மாற்றி, ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்த கம்பெனிகளே அதிகப் பலன் கண்டன என்று எரிக் பிரின்ஜால்ஃப்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். மெஷினுக்கு லட்சம் லட்சமாய்க் கொடுக்கும் முதலாளிகள், பயிற்சி என்றால் மட்டும் கையை இழுத்துக்கொள்வது ஏனோ!